நியூ ஜெர்சியில் நம்ம ஆள் கைதானால்: பர்ஸை வைத்துவிட்டு காகிதங்களை எடுங்கள்

"அண்ணா, இவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஜாமீனுக்கு எவ்வளவு கட்டணும்னு மட்டும் சொல்லுங்க, கார்டுலயே கட்டிடுறேன்." ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இந்த மாதிரி ஃபோன் எனக்கு இதுவரை நாலைந்து முறை வந்திருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஊர்ச் சங்கத்தில் ஒரு காலத்தில் பொறுப்பில் இருந்தேன், அதனால் என் நம்பர் பல பேரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பேசுகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி பணத்தைப் பற்றித்தான் இருக்கும். ஊரில் ஜாமீன் என்றால் பணம், சொத்துப் பத்திரம், இரண்டு ஆள் உத்தரவாதம். இங்கே சினிமாவிலும் சீரியலிலும் பார்ப்பது அதையேதான்: நீதிபதி ஒரு தொகை சொல்வார், கட்டியவன் வெளியே வருவான்.

நியூ ஜெர்சியில் அதற்குப் பதில் ஒரே வரி: கட்ட ஒன்றும் இல்லை. 2017 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் ஒருவரை விடுவதா வைப்பதா என்பது பணத்தை வைத்து முடிவாவதில்லை. அவர் கோர்ட்டுக்கு ஒழுங்காக வருவாரா, வெளியே விட்டால் யாருக்காவது ஆபத்தா, சாட்சியைக் கலைப்பாரா என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் காகிதங்களைத் திரட்டுவதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை. அதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம்.

இதிலேயே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் மகன் ஜெயிலில் இருக்கிறான், உடனே ஜாமீன் பணம் அனுப்புங்கள், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. இந்த மாநிலத்தில் மட்டுமில்லை, எந்த மாநிலத்திலும் கோர்ட் கிஃப்ட் கார்டு கேட்காது. ஃபோனை வைத்துவிட்டு மகனைக் கூப்பிடுங்கள், தூங்கிக்கொண்டிருப்பான்.

ஏன் மாறியது என்று இரண்டு வரி. 2013-ல் இந்த மாநிலத்தின் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயில்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், உள்ளே இருந்தவர்களில் 12 சதவீதம் பேர் 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்ட முடியாததால் மட்டுமே அடைபட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. இன்னொரு பக்கம், கையில் காசுள்ள பெரிய ஆட்கள் கட்டிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் பழைய அரசியல் சாசனப்படி பெரும்பாலான வழக்குகளில் ஜாமீனையே மறுக்க முடியாது. 2014 ஆகஸ்டில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். பண ஜாமீன் சட்டப் புத்தகத்தில் இன்னும் கடைசி வழியாக இருக்கிறது, ஆனால் 2017 முழுவதும் வாரண்ட்டில் பிடிபட்ட 44,000-க்கும் மேற்பட்டவர்களில் 44 முறைதான் நீதிபதிகள் அதைப் பயன்படுத்தினார்கள். அதே வருடம் அந்த 44,000 பேரில் 18 சதவீதம் பேரை, எந்தப் பணமும் கட்ட முடியாதபடி, விசாரணை முடியும்வரை உள்ளேயே வைத்தார்கள். அதாவது ஏழைக்குக் கதவு திறந்தது, பணக்காரனுக்கு இருந்த பின்கதவு மூடியது. ஃபோன் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி புரிய கொஞ்ச நேரம் பிடிக்கும்.

சம்மனா, வாரண்டா?

ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். என்ன செக்‌ஷன், யார் புகார் கொடுத்தது, எந்த ஆபீசர் என்பதெல்லாம் அப்புறம்.

சம்மன் என்றால் கைரேகை, ஃபோட்டோ எடுத்துவிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாளில் கோர்ட் தேதி இருக்கும். நியூ ஜெர்சியில் பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் தொடங்குகின்றன. சின்னக் குற்றங்களுக்கு, இங்கே அதை டிஸார்டர்லி பெர்சன்ஸ் அஃபென்ஸ் என்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம், பொதுவாகச் சம்மன்தான். 200 டாலருக்குக் கீழே கடைத் திருட்டுக் குற்றச்சாட்டு என்றால் இந்த வகை. குடித்துவிட்டு ஓட்டியது இந்த மாநிலத்தில் கிரிமினல் குற்றமே இல்லை, போக்குவரத்துக் குற்றம், ஆகவே நான் இங்கே சொல்லும் சட்டத்துக்குள் வராது. (அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம், விசா விஷயத்தில் அமெரிக்கத் தூதரகம் அதை வேறு மாதிரி பார்க்கும். கைதான தகவல் வந்ததுமே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பிய கதைகள் உண்டு.)

வாரண்ட் என்றால் கவுண்ட்டி ஜெயில். கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கு வாரண்ட் நிச்சயம். மற்றதில் போலீஸும் அரசுத் தரப்பும் கேட்டு, நீதித்துறையில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். குடும்ப வன்முறை வழக்கில் வாரண்ட் வருவது சாதாரணம், நமக்கு வரும் ஃபோன்களில் பாதிக்கு மேல் அதுதான், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

சம்மன் வந்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, அதை டிராஃபிக் டிக்கெட் மாதிரி நினைப்பது. ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க வந்த அம்மா, கடையில் நாமே ஸ்கேன் செய்யும் இடத்தில் நாலு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுவிட்டார் என்று பிடித்தார்கள். கோர்ட் தேதிக்கு முன்னால் அவருக்குத் திரும்பும் விமானம். மகன் "யாரு தேடப் போறாங்க" என்று ஏற்றி அனுப்பிவிட்டார். கோர்ட்டுக்கு வராததற்கு வாரண்ட் விழுந்தது, இரண்டு வருடம் கழித்து அம்மா மறுபடி வரும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வக்கீலை வைத்துத் தேதியை மாற்றக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். "ஃபைன் கட்டிட்டு ஒத்துக்கோங்க" என்று சொல்லும் நண்பர்களையும் நம்ப வேண்டாம். திருட்டை ஒப்புக்கொள்வது குடியேற்றச் சட்டத்தில் ஒழுக்கக்கேடான குற்றமாக உட்காரும், நூறு டாலர் அபராதம் கிரீன் கார்டு வரை துரத்தும்.

முதல் 48 மணி நேரம்

வாரண்ட்டில் ஜெயிலுக்குப் போனவரை விடுவதா என்ற முடிவை அங்கே அடைத்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் கோர்ட் எடுக்க வேண்டும். சனிக்கிழமையும் இதற்காகக் கோர்ட் நடக்கும். "வெள்ளிக்கிழமை பிடிச்சா திங்கக்கிழமை வரைக்கும் ஒண்ணும் நடக்காது" என்று சொல்கிறவர் வேறு ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறார்.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள். எடிசனிலோ வுட்பிரிட்ஜிலோ பிடித்தால் மிடில்செக்ஸ் கவுண்ட்டி, ஜெயில் நார்த் பிரன்ஸ்விக்கில், கோர்ட் நியூ பிரன்ஸ்விக்கில். ஜெர்சி சிட்டி என்றால் ஹட்சன் கவுண்ட்டி, ஜெயில் கியர்னியில். பல கவுண்ட்டிகளின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இங்கேதான் நம் பெயர்கள் மானத்தை வாங்கும். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியலை விரித்து எழுதினார்களா, விசாவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி அதுவே பெயராகிவிட்டதா என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள். ஒருமுறை நாங்கள் மூன்று மணி நேரம் தேடிய ஆள் அவருடைய அப்பா பெயரில் உள்ளே இருந்தார். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஜெயிலுக்கு ஃபோன் செய்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

உள்ளிருந்து அவர் கூப்பிடுவார். அந்த ஃபோன் பதிவாகும். ஆரம்பத்திலேயே ஒரு குரல் அதைச் சொல்லவும் செய்யும், ஆனாலும் நம் ஆட்கள் "தமிழ்ல தானே பேசுறோம்" என்று நடந்ததை எல்லாம் ஒப்பிப்பார்கள். அரசுத் தரப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: உடம்பு எப்படி இருக்கிறது, என்ன மாத்திரை வேண்டும், எந்த நம்பர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். "ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று கேட்காதீர்கள். அவர் ஆரம்பித்தால், "அதை வக்கீல்கிட்ட சொல்லுங்க" என்று குறுக்கே பேசி நிறுத்துங்கள். மரியாதைக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

போலீஸிடமும் அதேதான். பெயர், முகவரி, பிறந்த தேதி சொல்லலாம். அதற்கு மேல் "வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை" என்பது ஒரு முழு வாக்கியம், அதைச் சொன்னதற்காக யாரும் அவர் மேல் இன்னொரு குற்றம் போட முடியாது. நமக்குப் பெரியவர்களிடம் மௌனமாக இருந்தால் திமிர் என்று தோன்றும், உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் தோன்றும். இரண்டையும் ஸ்டேஷன் வாசலில் கழற்றி வைக்க வேண்டும்.

இந்த 48 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றி ஒரு மதிப்பெண் தயாராகிவிடும். பப்ளிக் சேஃப்டி அசெஸ்மென்ட் என்று பெயர், சுருக்கமாக பி.எஸ்.ஏ. கைரேகை போனதும் கம்ப்யூட்டர் ஒன்பது விஷயங்களைப் பார்க்கிறது. கைதானபோது வயது என்ன, இப்போதைய குற்றச்சாட்டு வன்முறையா, ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறதா, முன்பு தண்டனை உண்டா, கோர்ட்டுக்கு வராமல் இருந்த பழக்கம் உண்டா, இந்த ரகம். கோர்ட்டுக்கு வராத அபாயத்துக்கு 1 முதல் 6 வரை ஒரு எண், புதுக் குற்றம் செய்யும் அபாயத்துக்கு 1 முதல் 6 வரை இன்னொரு எண். இனம், சம்பளம், படிப்பு, வேலை எதையும் அது கேட்பதில்லை. ஆகவே முதல் தடவை மாட்டும் நம் சாஃப்ட்வேர் ஆளுக்கு எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். மேலே சொன்ன அம்மாவைப் போல் ஒருமுறை கோர்ட்டுக்குப் போகாமல் விட்டவருக்கு அது எண்ணில் ஏறி நிற்கும். எண் வெறும் பரிந்துரைக்குத்தான், முடிவு நீதிபதியுடையது. பரிந்துரைக்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்று அவர் காரணம் சொல்ல வேண்டும்.

முதல் ஆஜர் சில நிமிடத்தில் முடிந்துவிடும், வீடியோவிலும் நடக்கலாம். அங்கே அவருக்காகப் பேச வழக்கமாகப் பப்ளிக் டிஃபெண்டர் இருப்பார். அரசு கொடுக்கும் வக்கீல் என்றதும் நம் ஆட்களுக்கு இளக்காரம். நான் பார்த்தவரை, தினமும் அதே நீதிபதி முன்னால் இதே வேலையைச் செய்கிற இவர்கள், வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்துக் கொடுத்த உங்கள் வக்கீலைவிட இந்த அறையில் நூறு மடங்கு மேல். சொந்தமாக வைப்பதானால் கிரிமினல் வழக்கு மட்டுமே பார்க்கிறவரை, அதே கவுண்ட்டியில் பழகியவரை வையுங்கள். குடியுரிமை இல்லாதவர் என்றால் குடியேற்ற விளைவு என்ன என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இங்கிலீஷ் தெரிந்தாலும் கோர்ட் இங்கிலீஷ் வேறு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் கோர்ட் இலவசமாக ஏற்பாடு செய்யும், ஃபோன் வழியாகவாவது. மாமாவையோ மகளையோ மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். அப்பா சொன்னதை மகள் நாகரிகமாக மாற்றிச் சொல்லி, அது பதிவில் வேறு பொருளில் ஏறியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடைத்து வைக்கச் சொல்லி மனு போட்டால்

அரசுத் தரப்பு எதுவும் செய்யாவிட்டால் அவர் நிபந்தனைகளோடு வெளியே வருவார். "டிடென்ஷன் மோஷன்" போட்டால்தான் சிக்கல். அப்படிப் போட்டால் அந்த விசாரணை நடக்கும்வரை ஆள் உள்ளேதான். மனு போட்டதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் விசாரணை வர வேண்டும், அரசு தவணை கேட்டால் மூன்று நாள், நம் தரப்பு கேட்டால் ஐந்து நாள் வரை நீளலாம். எல்லாக் குற்றத்துக்கும் இப்படி மனு போட முடியாது. குடும்ப வன்முறை சம்பந்தப்படாத சாதாரண டிஸார்டர்லி வழக்கில் இந்த வழியே கிடையாது.

நான் ஃபோனில் அதிக நேரம் விளக்குவது இந்த விசாரணையைத்தான். சட்டம் ஆரம்பிப்பது "விட வேண்டும்" என்ற நிலையிலிருந்து. கொலைக் குற்றச்சாட்டு, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றம் போன்ற சிலவற்றில் அது தலைகீழ், அங்கே விடலாம் என்று நம் தரப்புதான் காட்ட வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் எந்த நிபந்தனை போட்டாலும் போதாது என்று தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரத்தோடு காட்ட வேண்டியது அரசு. அந்த வார்த்தையைக் கவனியுங்கள், எந்த நிபந்தனையும் போதாது என்று. ஆகவே நம் வேலை "அவர் நல்லவர்" என்று நிரூபிப்பதில்லை. போதுமான நிபந்தனை ஒன்று இருக்கிறது, அதைப் பின்பற்ற வழியும் இருக்கிறது என்று காட்டுவது. இந்த வித்தியாசம் புரியாமல் கோயில் கமிட்டி, சங்கத் தலைவர், கம்பெனி மேனேஜர் என்று பதினைந்து நற்சான்றுக் கடிதம் வாங்கி வந்த குடும்பம் ஒன்று, அவர் வெளியே வந்தால் எங்கே தங்குவார் என்று வக்கீல் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

சரி, என்ன காகிதம்? வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் ரசீது, சமீபத்திய சம்பளச் சீட்டு, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று காட்டும் ஏதாவது ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக் காகிதம், தொடர்ந்து சாப்பிடும் மருந்தின் சீட்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று, மாற்று முகவரி. புகார் கொடுத்தவர் அதே வீட்டில் இருந்தால் கைதானவர் அங்கே போக முடியாது. நண்பர் ஒருவர் "என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அவர் இங்கே தங்கலாம், இது என் நம்பர்" என்று எழுதிக் கொடுத்து, முடிந்தால் கோர்ட்டுக்கும் வந்து உட்கார்ந்தால், அது பதினைந்து நற்சான்றை விழுங்கிவிடும். கம்பெனியிடம் கடிதம் கேட்பதற்கு முன்னால் வக்கீலிடம் பேசுங்கள். கடிதம் கேட்டால் கம்பெனிக்கு விஷயம் தெரியும், எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் அது தனி நெருப்பு.

பாஸ்போர்ட்டை வக்கீலிடம் ஒப்படைக்கத் தயார் என்று முன்கூட்டியே சொல்லலாமா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்காரர், ஓடிவிடுவார் என்பது அரசுத் தரப்பு சுலபமாக எடுக்கும் வாதம். அதற்கு நேரடிப் பதில் அதுதான்.

விசாரணையில் அவருக்குள்ள உரிமைகள் கொஞ்சநஞ்சமில்லை. வக்கீல், காசில்லாவிட்டால் அரசுச் செலவில் வக்கீல். சாட்சியம் சொல்லலாம், சாட்சிகளை அழைக்கலாம், எதிர்த்தரப்பு சாட்சி வந்தால் குறுக்கு விசாரணை செய்யலாம். வந்தால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: அரசு ஆளைக் கூட்டி வரத்தான் வேண்டும் என்றில்லை, போலீஸ் எழுதிய காகிதங்களைக் காட்டியே வாதாடலாம் என்று 2017-லேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் காகிதங்களை விசாரணைக்கு 24 மணி நேரம் முன்னாலேயே நம் வக்கீலிடம் தர வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று வக்கீலிடம் கேட்டு, தேதி, முகவரி, யார் எங்கே இருந்தார்கள் என்று தப்பாக இருப்பதை உடனே சொல்லுங்கள். கைதானவர் அங்கே சொல்லும் சாட்சியத்தைப் பின்னால் குற்றத்தை நிரூபிக்க நேராகப் பயன்படுத்த முடியாது, ஆனாலும் விதிவிலக்குகள் இருக்கின்றன, பெரும்பாலான வக்கீல்கள் பேச விடமாட்டார்கள். "என் பக்கத்தை நான் சொன்னா போதும்" என்று அடம் பிடிக்க வேண்டாம்.

உள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஏழு நாள்தான். புதுத் தகவல் கிடைத்தால் அதே நீதிபதியிடம் விசாரணையைத் திரும்பத் திறக்கவும் கேட்கலாம். ஒரு கடிகாரமும் ஓட ஆரம்பிக்கிறது: 90 நாளுக்குள் கிராண்ட் ஜூரி (வழக்கு நடத்த ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) குற்றம் சாட்ட வேண்டும், அதிலிருந்து 180 நாளுக்குள் வழக்கு விசாரணை தொடங்க வேண்டும், எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நம் தரப்பு கேட்ட தவணைகள் இதில் கழியும், வேறு காரணங்களுக்காகவும் நாட்கள் நீக்கப்படும், ஆகவே காலண்டரில் நேராக எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கெடு தாண்டினாலும் ஆள் வெளியே வருவதைப் பற்றித்தான் பேச்சு, வழக்கு அப்படியே இருக்கும்.

கணவன் மனைவி விஷயம்

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. பக்கத்து அபார்ட்மென்ட்காரர் 911-க்குக் கூப்பிடுகிறார், போலீஸ் வருகிறது, உடம்பில் அடிபட்ட அடையாளம் தெரிகிறது. நியூ ஜெர்சியில் அப்படி இருந்தால் கைது செய்தே ஆக வேண்டும், அந்த ஆபீசருக்கு வேறு வழி கிடையாது. "நான் புகாரே கொடுக்கலையே" என்று மனைவி சொல்வதாலோ "வாபஸ் வாங்கிக்கிறேன்" என்பதாலோ வழக்கு நிற்காது, ஏனென்றால் வழக்குப் போட்டது அவர் இல்லை, அரசு. இதோடு குடும்ப நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை உத்தரவு ஒன்றும் வரலாம். அது தனி வழக்கு, பத்து நாளில் அதற்குத் தனி விசாரணை, அதில் இறுதி உத்தரவு விழுந்தால் அதற்குக் காலாவதித் தேதியே கிடையாது. இரண்டு வழக்குக்கும் இரண்டு தாள், இரண்டு தேதி.

விடுதலையானவரின் தாளில் "தொடர்பு கூடாது" என்று இருந்தால் அது உண்மையாகவே கூடாது. ஃபோன், வாட்ஸாப், "பையன் சாப்பிட்டானா" என்று ஒரு வரி, அக்கா மூலம் சொல்லி அனுப்புவது, எல்லாமே மீறல். மனைவியே கூப்பிட்டாலும், வீட்டுக்கு வாங்க என்று அழுதாலும், போனால் மாட்டுவது அவர்தான். தடை உத்தரவை மீறினால் அதுவே ஒரு புதுக் குற்றம். பிள்ளையைப் பார்க்க, துணிமணி எடுக்க, கோர்ட்டில் கேட்டு வழி வாங்கலாம். போலீஸ் கூட வந்து நிற்க, பத்து நிமிடத்தில் பெட்டி கட்டும் ஏற்பாடு உண்டு.

மாமியார் மாமனார் ஊரிலிருந்து ஃபோன் போட்டு "நீ போய் அவங்ககிட்ட ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லு" என்று மருமகளை நெருக்குவது நடக்கிறது. அது சாட்சியைக் கலைப்பது. மூன்று கேள்விகளில் ஒன்று அதுதான் என்று மேலே சொன்னேன். நல்லெண்ணத்தில் போட்ட அந்த ஃபோனே மகனை உள்ளே வைக்க ஆதாரமாகலாம். எந்தப் பக்கத்து மெசேஜையும் அழிக்கவும் வேண்டாம். அடிபட்டவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: அந்த நிபந்தனைகள் உங்களுக்காகத்தான். யார் சொல்லியும் நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு வழிகாட்ட ஒவ்வொரு கவுண்ட்டி பிராசிக்யூட்டர் ஆபீஸிலும் ஆள் உண்டு.

வெளியே வந்த பிறகு

நிபந்தனை பல மட்டத்தில் வரும். சொந்தப் பொறுப்பில் போ என்பது ஒன்று. அதற்கு மேல் கண்காணிப்பு மூன்று படி. முதல் படியில் மாதம் ஒருமுறை ஃபோன், இரண்டாவதில் மாதம் ஒருமுறை நேரிலும் போக வேண்டும், மூன்றாவதில் வாரா வாரம், அதற்கும் மேலே காலில் மின்னணுப் பட்டையும் வீட்டுக் காவலும். தேவையான அளவுக்கு மேல் கடுமையான நிபந்தனை போடக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே பட்டையால் வேலைக்குப் போக முடியவில்லை, இரவு நேரத் தடையால் ஷிஃப்ட் போகிறது என்றால் வக்கீல் மூலம் மனுப் போட்டு மாற்றக் கேட்கலாம். கேட்காமல் நாமே மாற்றிக்கொள்வதுதான் ஆபத்து. மீறினால் அரசு விடுதலையை ரத்து செய்யக் கேட்கும், இரண்டாவது தடவை நீதிபதியின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

இந்தியா போக வேண்டுமென்றால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும், இரண்டு அனுமதி தேவை. கோர்ட் அனுமதி ஒன்று, திரும்பி வர முடியுமா என்று குடியேற்ற வக்கீலின் பதில் இன்னொன்று. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கு நின்று மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர் உண்டு. இந்தியக் குடிமகன் கைதானால் நியூயார்க்கிலுள்ள துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா ஒப்பந்தப்படி அவருக்கு உண்டு, ஆனால் அவர் கேட்டால்தான் சொல்வார்கள். அவர்கள் ஜாமீன் எடுத்துத் தர மாட்டார்கள், குடும்பத்துக்குத் தகவல், வக்கீல் பட்டியல் போன்ற உதவி கிடைக்கும். இங்கே தங்குவதற்கான விசாக் காகிதம் சரியில்லாதவர் என்றால் இன்னொரு விஷயம்: ஜெயிலில் எடுக்கும் கைரேகை மத்திய அரசு வரை போகும், மாநில நீதிபதி விட்டாலும் குடியேற்றத் துறை பிடிக்க வரலாம். அந்த நிலையில் குடியேற்ற வக்கீலைக் கூப்பிட மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

இத்தனையும் நியூ ஜெர்சிக்கு மட்டும். ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் 2020-ல் வந்த வேறு சட்டம், பல குற்றங்களுக்குப் பண ஜாமீன் இல்லை, சிலவற்றுக்கு இன்னும் உண்டு. இல்லினாய் 2023 செப்டம்பர் 18-ல் பண ஜாமீனை அடியோடு எடுத்துவிட்டது, முழுதாக எடுத்த முதல் மாநிலம் அதுதான். கலிஃபோர்னியாவில் எடுக்க வந்த சட்டத்தை 2020-ல் மக்களே வாக்களித்துத் தள்ளிவிட்டார்கள், அங்கே தொகை, கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பாண்ட் கம்பெனி எல்லாம் இருக்கிறது, கம்பெனிக்குக் கொடுக்கும் பத்து சதவீதம் போல உள்ள கட்டணம் திரும்பி வராது. டல்லாஸில் இருக்கும் மைத்துனர் "நான் பாண்டு போட்டுத்தான் எடுத்தேன்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் அறிவுரை உங்களுக்கு உதவாது.

கடைசியாக, விடுவிக்கும் நேரம். காலையில் கோர்ட்டில் "போகலாம்" என்று சொன்னாலும் ஜெயில் கதவு திறக்க ராத்திரி ஆகலாம். அவர் ஃபோனில் சார்ஜ் இருக்காது, பிடித்தபோது போட்டிருந்த உடையோடு வெளியே வருவார். ஜனவரியில் ஒருவர் டீ-ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக நின்றார். காரில் ஒரு ஜாக்கெட், சார்ஜர், சாப்பிட ஏதாவது வைத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே நிபந்தனைத் தாளை இரண்டு பேருமாகச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த தேதியை உங்கள் ஃபோனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.